ஒரு ஸ்க்ரூவோட விலை

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். ஆன்லைன்ல வர்ற மலிவு வெளிநாட்டு சாமானால குடும்பத்துக்கு லாபமா நட்டமாங்கறது தலைப்பு, நான் நட்டம்னு பேச வந்திருக்கேன். எதிரணி தம்பி இப்பதான் சொல்லிட்டு உக்காந்தாரு, கடையில 600 ரூவா சார்ஜர் எனக்கு 149 ரூவாய்க்கு வாசல்லயே வருதுங்க இதுல என்னங்க நட்டம்னு. எல்லாரும் கை தட்டுனீங்க, நானும்தான் தட்டுனேன், ஏன்னா போன வருஷம் அதே மாதிரி 149 ரூவா சார்ஜர் வாங்குன ஆளு நான்.

சார்ஜ்ல போட்டுட்டு செல்போனத் தொட்டா சுர்ருங்குது. தெருமுனை சர்வீஸ் கடை அண்ணன் அத நெம்பிப் பிரிச்சுக் காட்டுனாரு. 230 வோல்ட் வர்ற பக்கத்துக்கும் 5 வோல்ட் போற பக்கத்துக்கும் நடுவுல போர்டுல நல்லா இடைவெளி விட்டிருக்கணுமாம், இதுல ரெண்டு பக்கத்து ஈயமும் மயிரிழை கேப்புல ஒட்டிக்கிட்டு நிக்குது, ஃபியூஸ் இருக்க வேண்டிய எடத்துல ஒரு கம்பித்துண்டு. மேல என்னென்னமோ முத்திரை அச்சடிச்சிருக்கான், நம்ம அரசாங்கத் தர அமைப்பு பிஐஎஸ் குடுக்குற, ஆர்னு ஆரம்பிக்கிற பதிவு நம்பர மட்டும் காணோம். தம்பி, அந்த 451 ரூவா தள்ளுபடின்னு நெனச்சீங்களே, உள்ள இருக்க வேண்டியத உருவிட்டு குடுத்திருக்கான்யா!

கடைக்காரன் விக்கிறதும் சீனா சாமான்தானேன்னு கேப்பீங்க, ஒத்துக்கறேன். ஆனா கடைக்காரன் நாளைக்கும் அங்கயேதான் உக்காந்திருப்பான், சட்டையப் புடிச்சு கேக்கலாம். ஆன்லைன்ல விக்கிறவன் பேர், அட்ரஸ், எந்த நாட்டு சாமான் எல்லாத்தயும் போடணும்னு 2020லயே விதி வந்துருச்சு. சரி, அட்ரஸ் இருக்கு, ஏழு நாள் ரிட்டர்னும் இருக்கு, எட்டாவது நாள் வெடிச்சா எந்த ஊருக்கு பஸ் ஏறுறது?

பொம்மைக்கு வர்றேன், எனக்கு வயிறு எரியுறதே இங்கதான். 2019ல இந்திய தரக் கவுன்சில் வெளிநாட்டு பொம்மைகள எடுத்து டெஸ்ட் பண்ணுனாங்க, 67 சதவீதம் தேறல. அப்புறம்தான் 2020ல இறக்குமதி வரிய 20லேந்து 60 சதவீதம் ஆக்குனாங்க, 2021 ஜனவரிலேந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்னாங்க, கைவினைப் பொம்மைக்கு மட்டும் விலக்கு. அப்படியும் எங்கக்கா பேரனுக்கு பொறந்தநாளுக்கு ஆன்லைன்லேந்து லைட் எரியுற கார் ஒண்ணு வந்துச்சு, 199 ரூவா, முத்திரையும் இல்ல ஒண்ணும் இல்ல. உள்ள காசு சைஸ்ல பட்டன் பேட்டரி. கொழந்த அத முழுங்கி தொண்டையில சிக்குச்சுன்னா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய் வெந்துபோற ஆபத்து இருக்கு, அதனாலதான் மூடி வெறுங்கையால லேசுல தொறக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு, ஸ்க்ரூ போடுறது அதுக்குத்தான். இதுல ஸ்க்ரூ இல்ல. ஒரு ஸ்க்ரூ என்னய்யா விலை இருக்கும், அதுலயுமா மிச்சம் புடிப்பான்?

அந்தக் கார இந்தப் பையிலதான் கொண்டாந்திருக்கேன். நடுவர் ஐயா, பேட்டரிய கழட்டிட்டேன், பயப்படாம வாங்கிப் பாருங்க. நகத்தால லேசா நெம்புங்க, நீங்க மணி அடிக்கிறதுக்குள்ள மூடி கையோட வந்துரும்.