கடைசி பெஞ்சுக்கு ஒரு பொறுப்பு

நேயர்களே, வணக்கம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க மூத்த மாணவர்கள் வேண்டும் என்றால் பள்ளியில் யாரைக் கூப்பிடுவார்கள்? முதல் ரேங்க் வாங்குகிறவர்களை. கடைசி பெஞ்சுக்காரர்களையும் கூப்பிடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

எந்நேரமும் உதவி வாங்கிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு ‘நம்மால் ஆகாது’ என்ற நினைப்பு படிந்துபோகும். அதே பிள்ளையை நம்பி இன்னொரு பிள்ளையை ஒப்படைத்தால் அந்த நினைப்பு அசையும். உதவி செய்கிறவருக்கே பல நேரம் அதிகப் பலன் என்று ஃபிராங்க் ரீஸ்மன் என்ற உளவியலாளர் 1965இலேயே எழுதினார்.

அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் 1984இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். படிப்பைப் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று பள்ளிகள் பயந்த மாணவர்களையே தேர்ந்தெடுத்து, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். அதற்கு ஊதியமும் கொடுத்தார்கள். இதைக் கவனியுங்கள்: அவர்களுக்கு டியூஷன் வைக்கவில்லை, அவர்களையே டியூஷன் எடுக்க வைத்தார்கள். தனக்காகப் பள்ளிக்கு வர மனமில்லாத பையனும், தனக்காக ஒரு குழந்தை காத்திருக்கிறது என்றால் வருவான். திரும்பவும் சொல்கிறேன், காத்திருக்கிற ஆள் வேண்டும். பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பது போன்ற சேவை வேலையில் அது கிடைக்காது.

இதை உங்கள் பள்ளியிலோ நூலகத்திலோ எப்படிச் செய்வது? வயது இடைவெளி மூன்று, நான்கு ஆண்டுகளாவது இருக்கட்டும். எட்டாம் வகுப்பில் திணறுகிறவரும் மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் தைரியமாகக் கையாளுவார். தனக்கு அந்த வயதில் விட்டுப்போனதையும் யாருக்கும் தெரியாமல் பிடித்துக்கொள்வார். ஒருவருக்கு ஒரு குழந்தை, மிஞ்சினால் மூன்று. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். குறைந்தது பத்து வாரம் ஜோடியை மாற்றாதீர்கள்.

அனுப்புவதற்கு முன்னால் பயிற்சி கொடுங்கள். முக்கியமான பயிற்சி, சும்மா இருப்பது. குழந்தை ஒரு சொல்லில் தடுக்கி நிற்கிறது. உடனே எடுத்துக்கொடுக்க நாக்கு துடிக்கும். மனதுக்குள் ஒன்று முதல் நான்கு வரை எண்ணச் சொல்லுங்கள். பல தடவை குழந்தையே சொல்லிவிடும். சொல்லாவிட்டால், சொல்லை ஒருமுறை சரியாகச் சொல்லி, குழந்தையைத் திருப்பிச் சொல்ல வைத்து, மேலே போகலாம். “இதுகூடத் தெரியாதா?” என்ற கேள்வி மட்டும் வரவே கூடாது. அதைக் கேட்டுக் கேட்டு நொந்தவர்கள்தான் இந்த மூத்த மாணவர்கள். அதனால் இதை அவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

எங்கே கெடுகிறது? முதலாவது, பென்சில். குழந்தையின் கையிலிருந்து வாங்கி இவரே எழுதிவிட்டால் இருவருக்குமே ஒன்றும் சேராது. இரண்டாவது, சொல்லாமல் லீவு போடுவது. காத்திருந்து ஏமாந்த குழந்தை அடுத்த முறை வாய் திறக்காது. வர முடியாத நாளில் முன்கூட்டியே சொல்லும் பொறுப்பையும் மூத்தவரிடமே விடுங்கள். மூன்றாவது, போட்டோவும் பாராட்டு விழாவும். கேமரா வந்ததும் குழந்தை மீதான கவனம் பின்னால் போய்விடும்.

அரை மணி முடிந்ததும் மூத்தவர்களை மட்டும் உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். ‘இன்று எங்கே சிக்கியது? அடுத்த முறை என்ன செய்யப்போகிறாய்?’ இந்த இரண்டு கேள்வி போதும். இந்தப் பத்து நிமிடத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே யோசித்துச் சொல்லட்டும்; யோசனை சொல்கிறவருக்கே அதில் பலன் உண்டு. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய 2,000 உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் ஒரு பகுதியினரைச் சில நிமிடங்கள் இளையவர்களுக்குப் படிப்பு பற்றி யோசனை சொல்ல வைத்தார்கள். அப்படிச் சொன்னவர்களின் மதிப்பெண்ணே சற்று உயர்ந்தது. பெரிய உயர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்கு யாரும் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

 முடிப்பதற்கு முன் பாதுகாப்பு பற்றி அவசரமாக: எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் உட்காரவையுங்கள். அடி, பயம் என்று குழந்தை எதையாவது சொன்னால், ரகசியமாக வைத்திருக்காமல் அன்றைக்கே பொறுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும் என்று மூத்தவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்தச் சுமையை அவர்கள் தனியாகத் தூக்கக் கூடாது.

வணக்கம்.