வெனிஸ் போகிறவர்கள் கடைசி இரவை முதலில் முடிவு செய்யட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

வெனிஸ் நகரத்துக்குள் கார் ஓடாது, மோட்டார் சைக்கிள் ஓடாது. சைக்கிள் மிதிக்கவும் அங்கே அனுமதி கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள், அவற்றை இணைக்கும் நானூற்றுக்கும் அதிகமான பாலங்கள், இடையிடையே கால்வாய்கள். இதுதான் ஊர். எல்லோரும் அறிந்த செய்திதான். ஆனாலும் தங்கும் அறையைப் பதிவு செய்ய உட்காரும்போது பலருக்கு இது மறந்துபோகிறது. சன்னலைத் திறந்தால் கால்வாய் தெரியுமா, சான் மார்க்கோ சதுக்கம் பக்கமா என்று பார்க்கிறார்கள். ஊர் திரும்பும் நாளில், இருள் விலகுவதற்கு முன்பே, பெட்டிகளோடு அந்த அறையை விட்டு எப்படிக் கிளம்புவது என்று யோசிப்பதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் விமானம் அதிகாலையில் புறப்படுவதாக இருந்தால், வெனிஸில் கடைசி இரவை எங்கே கழிப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற இரவுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். விமான நிலையத்தின் பெயர் மார்க்கோ போலோ. அது தீவுகளில் இல்லை. எதிரே நிலப்பகுதியில், காயலின் கரையோரம் தெஸ்ஸெரா என்ற இடத்தில் இருக்கிறது. நிலப்பகுதியிலிருந்து ஊருக்குள் தரைவழியாக வர ஒரே தடம்தான் உண்டு. காயலைக் கடக்கும் ரயில் பாதை 1846-இலும், அதை ஒட்டிய சாலை 1933-இலும் திறக்கப்பட்டன. அந்தச் சாலை ஊரின் மேற்கு விளிம்பில் பியாத்சாலே ரோமா என்ற சதுக்கத்தோடு முடிந்துவிடுகிறது. பேருந்து, டாக்சி, டிராம் எதுவானாலும் அதைத் தாண்டி வர முடியாது. ஊரின் நடுவே வளைந்தோடும் முக்கியக் கால்வாய்க்குப் பெருங்கால்வாய் என்று பெயர். அதன் மறுகரையில், கூப்பிடு தூரத்தில், சாந்தா லூச்சியா ரயில் நிலையம்.

பியாத்சாலே ரோமாவிலிருந்து விமான நிலையத்துக்கு நேரடிப் பேருந்துகள் இருக்கின்றன. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அங்கிருந்து டாக்சியும் கிடைக்கும். ஆக, சதுக்கத்துக்கு வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சங்கடமெல்லாம் உங்கள் அறையிலிருந்து அந்தச் சதுக்கம் வரைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் காலை ஆறரைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளை ஒப்படைக்கும் கவுன்ட்டரைப் பல விமான நிறுவனங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடும். வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் நாலரைக்கு நீங்கள் அங்கே இருப்பது நல்லது. அப்படியானால் நான்கு மணிக்குப் பியாத்சாலே ரோமாவில் நிற்க வேண்டும். சான் மார்க்கோ பக்கத்திலிருந்து பெருங்கால்வாய் வழியாக வரும் 1ஆம் எண் வப்போரெத்தோ, அதாவது நகரப் படகு, பகலிலேயே நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். பின்னிரவில் அதுவும் ஓடாது. 'N' என்ற ஆங்கில எழுத்துப் போட்ட இரவுப் படகு மட்டும் வரும், அதுவும் இடைவெளி விட்டுத்தான் வரும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் குளிரில் காத்திருக்க வேண்டும். நடந்தே வந்துவிடலாம் என்றால், கைவீசி நடப்பவருக்கு முப்பத்தைந்து நிமிடம். பெட்டியோடு நடப்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது.

ஏனென்றால் பாலங்கள் இருக்கின்றன. வெனிஸின் பாலங்கள் பெரும்பாலும் படிக்கட்டுகள்தாம். அடியில் படகு போக வேண்டும் என்பதற்காக வளைந்து எழும்பியிருக்கும். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். 23 கிலோ பெட்டியைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வருகிறவர் ஒவ்வொரு பாலத்திலும் அதைத் தூக்க வேண்டும். கூடவே முழங்கால் வலியோடு அம்மாவோ மாமனாரோ வருகிறார்கள் என்றால், வாடகையில் இருபது யூரோ மிச்சம் பிடித்த மகிழ்ச்சி மூன்றாவது பாலத்திலேயே கரைந்துபோகும். நம் குடும்பங்கள் பெரியவர்களை அழைத்துக்கொண்டுதான் இத்தகைய பயணங்களுக்குப் போகின்றன. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எனவே அறையைப் பதிவு செய்வதற்கு முன் விடுதிக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பியாத்சாலே ரோமாவிலிருந்து உங்கள் வாசலுக்கு வர எத்தனை பாலம் ஏற வேண்டும்? வெனிஸ்காரர்களுக்கு இது விசித்திரமான கேள்வியே இல்லை. உடனே சொல்லிவிடுவார்கள். பதில் தர மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெனிஸ் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது: சான் மார்க்கோ, கஸ்தெல்லோ, கன்னரெஜ்ஜோ, தோர்சொதூரோ, சான் போலோ, சாந்தா குரோச்சே. வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லாமல் பகுதிவாரியாக ஓடுகின்றன. 'கஸ்தெல்லோ 4000' என்று முகவரி வந்தால் அதில் தெருவின் பெயரே இருக்காது. அடுத்தடுத்த எண்கள் ஒரு சந்து தாண்டியும் இருக்கலாம், சுற்றிக்கொண்டு போக வேண்டியும் இருக்கலாம். குறுகிய சந்துகளில் கைபேசி வரைபடமும் தடுமாறும். ஆகவே அருகிலுள்ள படகுத்துறை எது, அருகிலுள்ள திறந்தவெளிச் சதுக்கம் எது என்று இரண்டு பெயர்களையும் கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்த அன்று பகல் வெளிச்சத்திலேயே, கிளம்பப் போகும் வழியை ஒருமுறை வெறுங்கையோடு நடந்து பாருங்கள். குடும்பத்தில் ஒருவராவது இதைச் செய்தே ஆக வேண்டும்.

கடைசி இரவுக்கு எந்தப் பகுதி நல்லது? சாந்தா குரோச்சே பகுதியில், தொலெந்தீனி தேவாலயத்தைச் சுற்றியுள்ள இடத்தை நான் முதலில் சொல்வேன். பியாத்சாலே ரோமாவுக்கு ஐந்து, பத்து நிமிட நடை, பாலங்களும் ஓரிரண்டுதான். ஊரின் நடுவே பெருங்கால்வாயைக் கடக்கும் ரியால்தோ பாலத்துக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம் என்பதால் ஊரைவிட்டு விலகியிருக்கிறோம் என்ற எண்ணமும் வராது. இரண்டு இரவு மட்டுமே தங்குகிறவர்கள் இரண்டையும் இங்கேயே வைத்துக்கொள்ளட்டும். பெட்டியை இடம் மாற்றும் வேலையும் இல்லை. நான்கைந்து இரவு தங்குகிறவர்கள் முதல் இரவுகளை ஆசைப்பட்ட இடத்தில் கழித்துவிட்டு, கடைசி நாள் மதியம் நிதானமாக இங்கே மாறிக்கொள்ளலாம்.

ரயில் நிலையத்தை ஒட்டிய கன்னரெஜ்ஜோ பக்கம் விடுதிகள் அதிகம். ஆனால் பியாத்சாலே ரோமாவுக்கு வர ஒரு பெரிய பாலத்தைக் கடக்க வேண்டும். 2008-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தைக் கட்டடக் கலைஞர் சந்தியாகோ கலத்ராவா வடிவமைத்தார். நீளமான பாலம், கண்ணாடி பதித்த படிகளில் வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. மழை நாளில் பெட்டியோடு ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரயில் நிலையத் துறையில் படகு ஏறினால் ஒரே நிறுத்தம்.

ஜுதெக்கா, லீதோ தீவுகளின் அழகில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படகு இல்லாமல் அங்கிருந்து அசைய முடியாது. அதிகாலை விமானக்காரர்களுக்கு அவை வேண்டாம்.

மெஸ்த்ரே என்ற பெயரும் உங்கள் காதில் விழுந்திருக்கும். காயலைக் கடக்கும் சாலைக்கும் ரயில் பாதைக்கும் அந்தப் பக்கம், நிலப்பகுதியிலுள்ள நகரம். அறை வாடகை குறைவு. அங்கிருந்து சாந்தா லூச்சியாவுக்கு ரயிலில் பத்து நிமிடத்துக்குச் சற்று கூடுதல். விமான நிலையத்துக்கும் பேருந்து உண்டு. பயணம் முழுவதையும் மெஸ்த்ரேயில் வைத்துக்கொள்வதை நான் விரும்புவதில்லை. பகல்நேரக் கூட்டம் கலைந்த பிறகுதான் வெனிஸ் மூச்சு விடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் கடைசி இரவுக்கு மட்டும் மெஸ்த்ரே மிக நல்ல ஏற்பாடு. ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் வங்கதேசத்தவர் நடத்தும் கடைகள் நிறைய. பாஸ்தா சாப்பிட்டு அலுத்தவர்களுக்கு அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் கண்ணில் படுவதே பெரிய ஆறுதல்.

இனி படகு. விமான நிலையத்தின் துறையிலிருந்து அலிலகூனா என்ற நிறுவனத்தின் படகுகள் ஊருக்குள் வருகின்றன. ஆரஞ்சுத் தடம் கன்னரெஜ்ஜோ வழியாக ரியால்தோவுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தில் வரும். நீலத் தடம் முரானோ, பொந்தமெந்தே நோவே, லீதோ என்று சுற்றிச் சான் மார்க்கோ சேர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நகரப் படகின் சாதாரண டிக்கெட் இதில் செல்லாது. வரும்போது, அதுவும் பகலாக இருந்தால், தயங்காமல் இதில் வாருங்கள். காயலின் நடுவிலிருந்து அந்த ஊர் மெல்ல எழுந்து வருவதைப் பார்க்காமல் வெனிஸுக்குள் நுழைவது பெரிய இழப்பு. திரும்பும்போது பேருந்தே போதும். தனிப் படகு டாக்சி விடுதியின் துறைக்கே வரும், அரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் நூறு யூரோவுக்கு மேல் ஆகும், இரவில் இன்னும் கூடும். நான்கைந்து பேராகப் பிரித்துக்கொண்டால், நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால், அந்தச் செலவு தகும்.

விமான டிக்கெட் வாங்கும்போதே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குறைந்த கட்டண விமானங்கள் சில, 'வெனிஸ்' என்று போட்டுவிட்டுத் திரெவீசோ விமான நிலையத்திலிருந்து கிளம்பும். அது வேறு ஊர். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறு மணி விமானம் அங்கிருந்து என்றால் முந்தைய இரவு திரெவீசோவிலேயே தங்குங்கள். அதுவும் கால்வாய்கள் ஓடும் அழகான ஊர்தான். மார்க்கோ போலோவிலிருந்து ஐந்தரை, ஆறு மணிக்குக் கிளம்பும் விமானம் என்றாலும், முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று அந்தப் பருவத்து அட்டவணையைப் பார்த்த பிறகே டிக்கெட் வாங்குங்கள். நேரம் ஒத்துவராவிட்டால் முதல் நாள் மாலையே டாக்சிக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

பருவங்களையும் கணக்கில் கொள்ளுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை கடல் ஏற்றத்தால் வெள்ளம் வரும் காலம். 2019 நவம்பர் 12 அன்று நீர்மட்டம் 187 சென்டிமீட்டரைத் தொட்டது. மறு ஆண்டு அக்டோபரில் மோசே என்ற தடுப்பு மதகுகள் முதன்முறையாக உயர்த்தப்பட்டு ஊரைக் காத்தன. ஆனால் 110 சென்டிமீட்டர் அளவில் ஏற்றம் வரும் என்று தெரிந்தால்தான் பொதுவாக மதகுகளை எழுப்புகிறார்கள். அதற்குக் கீழேயும் சான் மார்க்கோவின் தாழ்வான இடங்களில் தண்ணீர் நிற்கும். நீர் உயர்ந்த நேரத்தில் பாலத்தடியில் நுழைய முடியாமல் சில படகுத் தடங்கள் மாறும். குளிர்காலப் பனிமூட்டத்திலும் அப்படியே. ஜூலை மூன்றாம் ஞாயிறுக்கு முந்தைய சனி இரவு ரெதெந்தோரே திருவிழா; நள்ளிரவுவரை வாணவேடிக்கை, காயலெங்கும் படகுகள். மறுநாள் அதிகாலை விமானத்தை அந்த வாரத்தில் தவிர்ப்பது நல்லது. போக்குவரத்து வேலைநிறுத்தம் இத்தாலியில் முன்கூட்டியே அறிவிக்கப்படும். கிளம்பும் வாரத்தில் விடுதியில் விசாரியுங்கள்.

நம்மவர்கள் அறியாமல் சிக்கிக்கொள்ளக்கூடியது இன்னொன்று. மார்ச் கடைசி ஞாயிறு பின்னிரவு இரண்டு மணிக்கு ஐரோப்பிய மத்தியப் பகுதியின் கடிகாரங்கள் மூன்றாகிவிடும். கையில் கட்டிய கடிகாரத்தை நம்பி எழுந்தால் ஒரு மணி நேரம் போய்விட்டது என்று பொருள். அக்டோபர் கடைசி ஞாயிறு அந்த மணி நேரம் திரும்பக் கிடைக்கும்.

கட்டணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 முதல், குறிப்பிட்ட சில நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். வெனிஸில் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு. அதை இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி தனியாகக் கேட்பார்கள்.

அந்த வரியையும் மற்ற பாக்கிகளையும் முந்தைய மாலையே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். சிறு விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் இரவில் வரவேற்பறையில் ஆள் இருக்க மாட்டார். வெளிக்கதவு உள்ளிருந்து எப்படித் திறக்கும், சாவியை எங்கே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பெரியவர்கள் மாத்திரை போடுவதற்கு ஒரு ரொட்டியும் தண்ணீரும் வாங்கி வைத்துவிட்டால், காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். உங்கள் விமானம் மதியத்துக்கு மேல் என்றால் நான் சொன்னதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது; சான் மார்க்கோ பக்கமே அறை எடுங்கள், 1ஆம் எண் படகில் உட்கார்ந்து பெருங்கால்வாய் முழுவதையும் பார்த்துக்கொண்டே பியாத்சாலே ரோமாவுக்கு வாருங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.