ஆப்பிள் பீப்பாயும் மாட்டுங்காப் பரணும்

(பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு, மும்பை மாட்டுங்காவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மழைச் சத்தத்தில் என் குரல் எட்டவில்லை என்றால் பின்வரிசைக்காரர்கள் கையைத் தூக்குங்கள். தகரக் கூரைக்குக் கீழே கத்திப் பேசி வளர்ந்தவன்தான் நான்.

ஜூன் 15 பள்ளி திறக்கிறது. இங்கே இருக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் இந்த வாரம்தான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருக்கிறீர்கள். கையில் மருதாணிகூட அழியவில்லை. வீட்டில் நோட்டுக்கு அட்டை போடும் வேலை நடக்கிறது. இந்த நேரம் பார்த்து ‘புதையல் தீவு’ பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே, லீவு ஆரம்பிக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு அம்மா வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயம்தான். ஆனால் அந்தக் கதை பிறந்ததே கோடை முடிகிற சமயத்தில், அதுவும் மழையில்தான்.

1881. ஸ்காட்லாந்தில் பிரேமார் என்ற மலையூர். அந்தக் கதையை எழுதிய ஸ்டீவன்சனுக்கு நுரையீரல் நோய். வெளியே விடாத தூறல். மனைவியின் மகன் 13 வயதுப் பையன், வீட்டுக்குள் அடைபட்டு வண்ணம் குழைத்துக்கொண்டிருக்கிறான். அப்படிப் பொழுதுபோக்காகப் பிறந்தது ஒரு தீவின் வரைபடம். கதை அதற்குப் பிறகுதான் வந்தது. நாளுக்கொரு அத்தியாயம் எழுதி வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார். கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளரான அவருடைய அப்பா, பையனைவிட மோசம். கதையில் செத்துப்போகிற மாலுமியின் பெட்டியில் என்னென்ன இருந்தன என்று அவரே உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுத்தார். 15 அத்தியாயத்தோடு ஊற்று அடைத்துக்கொண்டது. மிச்சத்தைக் குளிர்காலத்தில் ஸ்விட்சர்லாந்தில் உட்கார்ந்து முடித்தார். 1883இல் புத்தகமாக வந்தது. கூத்தைக் கேளுங்கள்: எந்தப் படத்திலிருந்து கதை வந்ததோ அந்தப் படம் பதிப்பகத்துக்குப் போன வழியில் தொலைந்துவிட்டது. கதையைப் படித்துப் படித்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி இன்னொரு படம் வரைய வேண்டியதாயிற்று.

நமக்கும் தீவு புதிதில்லை. கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வொர்லி, மாஹிம் என்று ஏழு தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்துத்தான் இந்த ஊர். 1668இல் இதை ஆங்கிலேய ராஜா, வருஷத்துக்குப் பத்துப் பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டார். இன்றைக்கு அந்தப் பணத்துக்கு இங்கே பார்க்கிங்கூடக் கிடைக்காது.

கதையில் ஒற்றைக்கால் சமையல்காரன் சில்வர், கஸாண்ட்ரா என்று ஒரு கப்பலின் பேரைச் சொல்வான். அது கற்பனைக் கப்பல் இல்லை. 1720இல் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த கம்பெனிக் கப்பல். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கொமோரோ தீவுகளில் கடற்கொள்ளையர் மடக்கினார்கள். கூட வந்த கப்பல் உதவிக்கு வராமல் நழுவிவிட்டது. கேப்டன் ஜேம்ஸ் மெக்ரே தனியாகச் சண்டை போட்டுத் தோற்று, கரைக்குள் ஓடி ஒளிந்தார். பிறகு, துணிச்சல் என்பதா பைத்தியம் என்பதா, தானே கொள்ளையரிடம் பேசப் போனார். அவர்கள் வெட்டிப்போட இருந்த நேரத்தில் பெரிய மீசையோடு, மரக்காலோடு, உடம்பெல்லாம் துப்பாக்கி செருகிய ஒருவன் வந்து, “இவரோடு நான் கப்பலில் போயிருக்கிறேன், நல்ல மனுஷன், யார் தொடுகிறீர்கள் பார்க்கலாம்” என்கிற தோரணையில் நின்றானாம். அந்தக் காலத்துக் கொள்ளையர் வரலாற்று நூல் சொல்கிறது. உயிரோடு விட்டார்கள், ஓட்டைக் கப்பல் ஒன்றும் கொடுத்தார்கள். அதில் பம்பாய் வந்து சேர்ந்தார் மெக்ரே. 1725இல் அவர்தான் சென்னைப் பட்டணத்துக்குக் கவர்னர்!

சில்வரின் மிடுக்கை, ஒரு காலை இழந்த தன் நண்பர் ஹென்லியிடமிருந்து எடுத்ததாக ஸ்டீவன்சனே சொல்லியிருக்கிறார். எனக்கென்னவோ இந்த மரக்கால்காரனையும் விட மனசு வரவில்லை. கொல்லவும் செய்வான், காப்பாற்றவும் செய்வான். சில்வரும் அதே ரகம்.

இனி அந்த ஆப்பிள் பீப்பாய். புதையல் தேடிப் போகிற கப்பலில், கதையைச் சொல்கிற பையன் ஜிம், ஒரு ஆப்பிள் எடுக்கலாமென்று பீப்பாய்க்குள் இறங்குகிறான். அடியில் ஒன்றோ இரண்டோதான். அலையின் ஆட்டத்தில் கண் சொக்குகிறது. வெளியே சில்வர் சாய்ந்து உட்கார்ந்து, யாரை எப்போது தீர்த்துக்கட்டுவது என்று பேசுகிறான். பையன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறான்.

இதை நான் படித்தது சாலில், அதாவது வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருக்கிற மும்பைக் கட்டடத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் பரணில். கீழே ஏழு பேர். படிக்கத் தனி இடம் வேண்டுமென்றால் பரண்தான். ஒரு பக்கம் அரிசி டின், ஒரு பக்கம் ரஜாய்ப் போர்வை மூட்டை. நான் மேலே இருப்பது தெரியாமல் ஒருநாள் அப்பாவும் சித்தப்பாவும் பேசினார்கள். “எட்டாவது முடிச்சாச்சு. போதும். லீவு முடியறதுக்குள்ள அவள ஊர்ல ஆத்தாகிட்ட விட்டுருவோம்.”

ஜிம்முக்கு ஓடிப்போய்ச் சொல்ல ஒரு டாக்டர் இருந்தார். எனக்கு யாரும் இல்லை. அக்காவிடமே போய்ச் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு முன்னாடியே தெரியும்டா. அந்தப் பீப்பாய்க் கதைய விட்ட இடத்துலேர்ந்து படி.”

அந்த வாரமே திருநெல்வேலிக்கு ரயில் ஏற்றினார்கள். புத்தகம் நூலகத்துடையது, கொடுத்தனுப்ப முடியாது. ஆகவே இன்லண்டு லெட்டரில் எழுதினேன், தடவைக்கு ஒரு அத்தியாயம். மடிக்கிற ஓரம்வரைக்கும் பொடி எழுத்து. மழைக்காலம் முழுக்க ஓடித் தீபாவளிக்குத்தான் முடிந்தது. தமிழில் நான் ஏதோ எழுதக் கற்றுக்கொண்டேன் என்றால் அந்த நான்கு மாதத்தில்தான்.

மூன்று வருஷம் தீவில் தனியாகக் கிடந்த பென் கன், மனுஷ முகத்தைப் பார்த்ததும் கேட்பது சீஸ். அக்கா பதில் எழுதினாள்: “சீஸ்னா என்னடா? மோர்க்குழம்புன்னு மாத்தி எழுதியிருந்தா எனக்கும் அழுகை வந்திருக்கும்.” அவன் பங்குக்கு வந்த ஆயிரம் பவுண்டைப் பத்தொன்பதே நாளில் தொலைத்தான் என்று எழுதியதற்கு, “நம்ம சித்தப்பாவ விடத் தேவல” என்று வந்தது.

கடைசிக் கடிதத்தில், தங்கத்தை அள்ளிவிட்டார்கள், வெள்ளிக் கட்டிகளை மட்டும் அந்தத் தீவிலேயே விட்டுவிட்டார்கள் என்று முடித்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துக் கார்டு வந்தது. ஒரே வரி.

“அப்ப அது இன்னும் அங்கதான இருக்கு? எந்தப் பக்கம்னு எழுது.”

நான் படம் வரைந்து அனுப்பினேன்.

எட்டுப் பிரதி அந்த மேஜையில் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் பையும் இருக்கிறது; நனையாமல் கொண்டுபோங்கள்.