மஞ்சள் பையிலிருந்து கைப்பேசிக்கு

நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் நான் பல ஆண்டுகள் பார்த்த வேலை, கணக்கு வைத்திருந்தவர் காலமான பிறகு அவருடைய பணத்தை வாரிசுகளிடம் ஒப்படைக்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தார் அந்தக் காகிதங்களோடு என்னைத் தேடி வருகிறார்கள்.

முன்பெல்லாம் வீட்டுப் பெரியவர் காலமானால், காரியம் முடிந்த கையோடு பீரோவைத் திறப்பார்கள். பாஸ்புக், வைப்புநிதி ரசீது, எல்.ஐ.சி. பாலிசி, வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரே மஞ்சள் பையில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அந்தப் பையைக் கொண்டுவந்து எங்கள் மேசைமேல் வைத்துவிடுவார். இன்று வைப்புநிதியைக் கைப்பேசியிலேயே போடுகிறோம். மியூச்சுவல் ஃபண்ட், பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு, காப்பீடு என்று பெரும்பாலும் எதற்கும் காகிதம் வீட்டுக்கு வருவதில்லை. வருவதெல்லாம் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும்தான். போனவரோடு அந்தத் தகவலும் போய்விடுகிறது.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம். கணவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், கணக்கில் மிகவும் கருத்தானவர். எல்லாவற்றையும் தம் கைப்பேசியிலேயே பார்த்துக்கொண்டார். அவர் மாரடைப்பில் போய்விட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த மகன், "அப்பாவே இல்லை, இனி எதற்கு ரீசார்ஜ்?" என்று அப்படியே விட்டுவிட்டான். சில மாதங்கள் கழித்து அந்த அம்மா கைப்பேசியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். சிம் செயலிழந்திருந்தது. திரைப்பூட்டின் எண்ணும் யாருக்கும் தெரியவில்லை. "எங்கேயோ கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்வார் ஐயா. எங்கே என்று நானும் கேட்டதில்லை" என்றார்.

ஓய்வூதியம் வரும் கணக்கு எது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அந்த வங்கியில் வாரிசு என்ற முறையில் எழுதிக் கொடுத்து, முந்தைய இரண்டு ஆண்டு கணக்கு அறிக்கையை வாங்கினோம். பென்சிலோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். மாதம் தவறாமல் ஏழாம் தேதி ஒரே தொகை கழிந்திருந்தது. அந்த வரியின் தொடக்கத்தில் ஏ.சி.எச். என்ற மூன்று எழுத்து, அதாவது மாதாமாதம் தானாகப் பணம் கழியும் ஏற்பாடு; அதையடுத்து ஒரு மியூச்சுவல் ஃபண்டின் பெயர் பாதியாக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு வங்கியிலிருந்து சிறு தொகை வரவு. அது வைப்புநிதி வட்டி. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நிறுவனத்தின் ஈவுத்தொகை. அப்படியானால் பங்கு இருக்கிறது, டீமேட் கணக்கும் இருக்கிறது. ஒவ்வொன்றாகத்தான் கண்டுபிடித்தோம். அந்த சிம் உயிரோடு இருந்திருந்தால், வந்து விழும் குறுஞ்செய்திகளே இதையெல்லாம் சொல்லியிருக்கும்.

ஆகவே நேயர்களே, மறைந்தவரின் எண்ணை உடனே விட்டுவிடாதீர்கள். இதை நான் போகுமிடமெல்லாம் சொல்கிறேன். தொண்ணூறு நாட்கள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண் துண்டிக்கப்படலாம். பிறகு சில மாதங்களில் அதே எண் முன்பின் அறியாத ஒருவருக்குப் போகலாம். அப்பாவின் கணக்குக்கான ஓ.டி.பி. அவருக்குப் போய்ச் சேரும். இறப்புச் சான்றிதழைக் கொடுத்து எண்ணை வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குறைந்தது ஓராண்டு வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பிரீமிய நினைவூட்டலும் ஈவுத்தொகைச் செய்தியும் அதற்குள் வந்துவிடும்.

எண் கையில் இருக்கிறது, பின் நம்பரும் தெரியும் என்பதற்காக இறந்தவர் கணக்கிலிருந்து பணம் எடுத்துவிடாதீர்கள். உடன்பிறந்தவர்களுக்குள் வழக்கு வருவது பெரும்பாலும் அப்படித்தான். வங்கி கேட்பது இறப்புச் சான்றிதழ், உரிமை கோரும் படிவம், அடையாளச் சான்று போன்றவற்றைத்தான், கடவுச்சொல்லை அல்ல. நாமினி இருந்து, ஆவணங்கள் சரியாக இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

இதிலிருந்தே நீங்கள் செய்ய வேண்டியது விளங்கும். உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ தேவைப்படுவது கடவுச்சொற்கள் அல்ல. எது எங்கே இருக்கிறது என்ற ஒரு பக்கப் பட்டியல். எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த ஃபண்ட், எந்தக் காப்பீடு, எந்த மின்னஞ்சல் முகவரி, எந்தக் கைப்பேசி எண். நோட்டுப் புத்தகத் தாள் போதும். கைப்பேசியின் திரைப்பூட்டு எண்ணை மட்டும் தனி உறையில் ஒட்டி, நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். கிரிப்டோ நாணயத்தைச் சொந்த டிஜிட்டல் பணப்பையில் வைத்திருப்பவர்கள், அதைத் திறக்க உதவும் மீட்புச் சொற்களையும் அப்படியே உறையிலிட்டுக் கொடுத்து வைக்க வேண்டும். அந்தச் சொற்கள் தொலைந்தால் எந்த நீதிமன்ற உத்தரவாலும் அதைத் திறக்க முடியாது.

பட்டியல் உயில் ஆகாது. நாமினி போட்டிருக்கிறேனே என்பார்கள். பொதுவாக நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்லர். பங்குகள் பற்றி 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீடு பற்றி 1984இல் அது இப்படித்தான் சொன்னது; ஆனால் 2015இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோரோ கணவனோ மனைவியோ பிள்ளைகளோ நாமினியாக இருந்தால் அந்தத் தொகை பொதுவாக அவர்களுக்கே உரியது. மற்றவை யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயில்தான் சொல்லும். வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் காகிதத்தில் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலுக்குப் பொருந்தாது. ஆகவே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது உயில் ஆகாது. உயிலுக்குள் கடவுச்சொற்களை எழுதவும் வேண்டாம். அது பல கைகள் மாறும், பல கண்களில் படும்.

ஏற்கெனவே கைவிட்டுப் போன பணம் என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படும்; ஆனாலும் வாரிசு எப்போது வேண்டுமானாலும் வங்கி வழியாகக் கேட்டுப் பெறலாம். ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடிப் பார்க்கலாம்.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கைகாட்டுகிறார்கள். புகைப்படங்கள், கடிதங்கள் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். பெர்லினில் இறந்துபோன பதினைந்து வயதுப் பெண்ணின் பேஸ்புக் கணக்கைப் பெற்றோர் பல ஆண்டுகள் வழக்காடித்தான் பெற முடிந்தது. 2018இல்தான் ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், நாட்குறிப்பும் கடிதமும் வாரிசுக்குச் சேர்வதுபோல அதுவும் சேரும் என்று தீர்ப்பளித்தது. நமக்கு அந்த அலைச்சல் வேண்டாம். கூகுள் கணக்கின் அமைப்புகளில், கணக்கு செயல்படாமல் போனால் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்று பதிந்து வைக்க இடம் இருக்கிறது. மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை காலத்தை நீங்களே முடிவு செய்யலாம், பத்துப் பேர் வரை சேர்க்கலாம். ஆப்பிளில் ஐந்து பேர். அதில் கிடைக்கும் சாவி எண்ணை அச்செடுத்து அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பேஸ்புக்கிலும் ஒருவரை நியமிக்கலாம். இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத தனிநபர் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம், பேரக்குழந்தைகளின் படங்களோடு சேர்த்து. இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், வீட்டிலுள்ள பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு அந்தப் பதிவைச் செய்துவிடுங்கள். வணக்கம்.