மேட்ரிக்ஸ் ஆய்வு மையத்துக்கு யார் யார் வேண்டும்?

அவையோருக்கு வணக்கம்.

செல்களுக்கு வெளியே, செல்களே சுரந்து பின்னிக்கொள்ளும் வலைதான் புறச்செல் மேட்ரிக்ஸ். நம் உடலின் மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம், இந்த வலையின் முக்கியப் புரதமான கொலாஜன்தான். இவ்வளவு இருந்தும் வெகுகாலம் இதை வெறும் இடைநிரப்பி என்றே ஒதுக்கினார்கள். அதற்கு ஒரு காரணம், இது லேசில் கரையாது. திசுவை அரைத்து, கரைசலில் கலக்கிச் சுழற்றினால் மற்றப் புரதங்கள் மேலே நிற்கும். அடியில் தங்கும் வண்டலைக் கொட்டிவிடுவார்கள். மேட்ரிக்ஸில் பெரும்பகுதி அந்த வண்டலில்தான் கிடந்தது!

2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எங்லர், டிஷர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள்; எல்லாம் ஒரே வகை, ஒரே ஊட்டக் கரைசல். அடியிலிருந்த ஜெல்லின் விறைப்பு மட்டும் வேறு வேறு. மூளையைப் போல் மென்மையான ஜெல்லில் செல்கள் நரம்புச் செல்லின் சாயலைக் காட்டின. தசையளவு விறைப்பில் தசைப் பக்கம் போயின, அதைவிட விறைப்பில் எலும்புப் பக்கம். டிஷர் பொறியியல் புலத்தைச் சேர்ந்தவர். விறைப்பை அளக்கத் தெரிந்தவரும் செல்லை வளர்க்கத் தெரிந்தவரும் சேராமல் இப்படியொரு சோதனை நடக்காது.

அதனால்தான் தனி மையம் வேண்டும் என்கிறேன். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கென்றே 1995-இல் ஒரு மையம் தொடங்கினார்கள்.

மருத்துவர்களையும் உள்ளே கொண்டுவர வேண்டும். நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் எங்கே ஃபைப்ரோசிஸ், அதாவது திசு தழும்புபோல் இறுகும் நோய், வந்தாலும் அடிப்படையில் நடப்பது மேட்ரிக்ஸ் அளவுக்கு மீறிச் சேர்வதுதான். ஆனால் நோயாளிகள் மூன்று துறைகளுக்குப் போகிறார்கள். ஆய்வும் பெரும்பாலும் அவர்கள் பின்னாலேயே மூன்றாகப் பிரிந்து போகிறது.

அப்புறம் கருவிகள். புரதத் துண்டுகளை எடை பார்த்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்க எப்படியாவது பணம் புரட்டிவிடுவோம். அதை இயக்குபவருக்கு மட்டும் தற்காலிக ஒப்பந்தம்! கரையாத புரதத்தைத் துண்டாக்கி அளவிடும் கைப்பழக்கம் ஒரு வருடத்தில் வருவதில்லை. அவர் போனால் கருவி தூசி படிந்து நிற்கும். முதல் நிரந்தரப் பணியிடங்கள் தொழில்நுட்பர்களுக்கே என்று நான் வாதாடுவேன், பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பேராசிரியர்களிலும் இரண்டு துறைக்குப் பொதுவாக நியமிக்கப்படுபவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய பதவி உயர்வை எந்தத் துறை பரிந்துரைக்கும் என்பதை நியமன ஆணையிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், இரண்டு துறைக் கூட்டங்களுக்கும் போய் உட்கார்வார்கள். பதவி உயர்வு என்று வரும்போது இரண்டுமே கையை விரித்துவிடும்.