பெட்டியில் வரும் கார்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் வட சென்னைக்காரன். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்து மோல்டுப் பட்டறைகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மோல்டு என்றால் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி வடிவம் எடுக்கிற இரும்பு அச்சு. பிளாஸ்டிக் கார் மாடல் கிட்டுகளை வாங்கிப் பூட்டுவது எனக்கு நெடுநாள் பைத்தியம். அதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கிட் என்றால் கடையில் முழுசாக விற்கிற பொம்மைக் கார் அல்ல. ஓர் அட்டைப்பெட்டி. திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் சட்டங்கள். சட்டத்தில் சீட், ஸ்டீயரிங், என்ஜின், சைலன்ஸர் எல்லாம் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். நாம்தான் வெட்டி எடுத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, ஒட்டி, காராக்க வேண்டும். "இந்த வயசுல பொம்மையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

நம் பக்கத்துக்கு இது ஒன்றும் புதுசில்லை. எண்ணூரில் இன்று லாரி செய்கிற அசோக் லேலண்டுக்கு முதலில் அசோக் மோட்டார்ஸ் என்று பெயர். 1948இல் தொடங்கினார்கள். 1949இல் அங்கே ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டி வெளியே விட்டார்கள். பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. திருவொற்றியூர் புல்லட்டும் 1950களில் முதலில் அப்படித்தான், பாகமாக வந்து இங்கே பூட்டப்பட்டது. ஆக, நிஜ வண்டியே கிட்டாக வந்து இறங்கிய ஊர் இது. வீட்டில் இதைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

சரி, கிட்டை எப்படிச் செய்கிறார்கள்? உங்கள் வீட்டு பக்கெட்டை ஒரு நிமிடம் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நட்டநடுவே ஒரு சின்னத் தழும்பு இருக்கும். உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழைந்த வாய் அது. நாங்கள் கேட் என்போம். அடுத்து, பக்கெட் ஏன் மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கிறது? ஒன்றுக்குள் ஒன்று அடுக்கத்தானே என்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் பக்கவாட்டு நேராக இருந்தால் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கி உள்ளே இருக்கிற இரும்பைக் கவ்விக்கொள்ளும், கழற்றவே முடியாது. கொஞ்சம் சரிவு கொடுத்தால் சுலபமாகக் கழன்று வரும். மோல்டுக்காரனுக்கு முதல் கவலை எப்போதும் இதுதான்: உள்ளே போனது வெளியே வருமா?

இப்போது ஓர் அம்பாசடரை மனதில் நிறுத்துங்கள். கூரை குறுகல், இடுப்பு பருமன், கீழே போகப்போக மறுபடி உள்வாங்கல். மேலே இழுத்தாலும் மாட்டும், கீழே இழுத்தாலும் மாட்டும். முன்னால் விளக்குக் குழி, பின்னால் டிக்கி. பக்கெட்டுக்குப் போதுகிற இரண்டு துண்டு மோல்டு இங்கே செல்லாது. அதனால் கார் பாடிக்கு நாலு பக்கமும் நகர்கிற இரும்புப் பலகைகள் வைப்பார்கள். ஸ்லைடு என்று பெயர். மோல்டு திறக்கும்போது நாலும் பக்கவாட்டில் விலகும், அப்புறம்தான் பாடி முழுசாக, ஒரே துண்டாகக் கையில் வரும். கிட்டிலேயே அதிகச் செலவும் அதிகத் தலைவலியும் அந்த ஒரு துண்டுக்குத்தான்.

ஸ்லைடும் ஸ்லைடும் சேர்கிற இடத்தில் மெல்லிய கோடு விழும். கூரை ஓரத்திலும் மட்கார்டு மேலும் விரலால் தடவினால் நகத்தில் தட்டும். அதை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். புதுசாக வருகிற பிள்ளைகள் பெட்டியைப் பிரித்ததும் பெயின்ட் டப்பாவைத் தேடுகிறார்கள். தம்பி, முதலில் கோடு. அப்புறம்தான் கலர்.

எல்லாவற்றையும் அப்படியே 24 மடங்கு சுருக்கினால் கார் வந்துவிடாது. கார் கிட்டுகளில் வழக்கமான இருபத்துநாலில் ஒன்று என்ற அளவு பழைய அடிக்கணக்கு: ஓர் அடி அரை அங்குலமாகும். அம்பாசடர் இந்த அளவில் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் வரும். ஆனால் நிஜக் கதவின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை 24ஆல் வகுத்தால் தலைமுடியை விட மெலிதாகிவிடும். அந்தச் சந்துக்குள் பிளாஸ்டிக் ஓடாது. ஒரு மில்லிமீட்டராவது வேண்டும். அதனால் வெளித்தோற்றம் கெடாமல் உள்பக்கமாகத் தடிப்பை ஒளித்து வைக்கிறார்கள். எங்கே ஏமாற்றலாம், எங்கே கூடாது என்பது கண் பழக்கம். ஜப்பானில் டாமியா கம்பெனிக்காரர்கள் 1970களில் ஒரு போர்ஷே மாடலுக்காக நிஜப் போர்ஷே 911 ஒன்றையே வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். அப்படி ஒரு வெறி!

இந்தத் தொழிலில் யாரும் பேசாத ஒருவர் இருக்கிறார்: பாலிஷ் போடுகிறவர். எங்கள் பட்டறையில் காசிமேட்டிலிருந்து ஒரு பெரியவர் வருவார். எல்லாருக்கும் அவர் நைனா. ஒரு சமயம் கண்ணாடி மாதிரி தெரிகிற சோப்பு டப்பா மூடிக்கு மோல்டு வந்தது. ஸ்டீலில் ஒரு கீறல் இருந்தால் அடித்து வருகிற ஒவ்வொரு மூடியிலும் அந்தக் கீறல் இருக்கும். முதலில் கல், அப்புறம் முரட்டு உப்புத்தாள், அப்புறம் நைஸ் தாள், கடைசியில் மரக்குச்சியில் வைரப் பசை. தாள் மாற்றும்போதெல்லாம் தேய்க்கிற திசையையும் மாற்ற வேண்டும். முன்னே குறுக்கே தேய்த்தால் இப்போது நெடுக்கே. அப்போதுதான் பழைய கோடு மிச்சமிருந்தால் காட்டிக்கொடுக்கும்.

புதுசாகச் சேர்ந்த பையன் ஒருத்தன் தேய்த்து முடித்து, "நைனா, மூஞ்சி தெரியுது, போதுமா?" என்றான். நைனா குனிந்து பார்த்துவிட்டு, "மூஞ்சி தெரிஞ்சா இன்னாடா? மூஞ்சில கீற மச்சம் தெரியணும். போய் இன்னும் தேய்," என்றார். அவன் சாயங்காலம் வரை தேய்த்தான்.

அந்த நாளில் பர்மா பஜாரில் தேடினால் எப்போதாவது ஒரு ஜப்பான் பெட்டி மாட்டும். அப்படிக் கிடைத்த ஒரு கிட்டின் முன்கண்ணாடியை மட்டும் பொட்டலம் கட்டி நைனாவிடம் கொண்டு போனேன். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். சாய்த்தார், திருப்பினார், மறுபடி சாய்த்தார். டீ வந்து ஆறிப்போனது. "இதுக்குப் பாலிஷ் போட்டவன் கையைக் கொண்டா, கண்ணுல ஒத்திக்கிறேன்," என்றார். கடல் தாண்டி இருக்கிற, முகம் தெரியாத ஒரு பாலிஷ்காரருக்கு வியாசர்பாடியில் கிடைத்த மரியாதை அது. என்ன கார் என்று அவர் கேட்கவே இல்லை.

அந்த டாமியா கம்பெனி மரம் அறுக்கிற வேலையில் தொடங்கியது. அவர்கள் ஊர் ஷிஸுவோகா, மரவேலைக்குப் பேர்போனது. முதலில் மரத்தில் மாடல் செய்தார்கள், 1960இல் பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள். அமெரிக்காவில் கதை வேறு. கார் ஷோரூம்களில் வாடிக்கையாளருக்குக் காட்டவும் கொடுக்கவும் குட்டிப் பிளாஸ்டிக் கார்கள் செய்தார்கள். அதைச் செய்துவந்த ஏ.எம்.டி. கம்பெனி 1958 வாக்கில் அதே மோல்டு வித்தையைக் கிட்டாக்கி, ஒரே பெட்டியில் மூன்று விதமாகப் பூட்டலாம் என்று விற்றது. அங்கே அளவு இருபத்தைந்தில் ஒன்று.

அப்போதெல்லாம் முதலில் பெரிய அளவில் ஒரு மர மாதிரி செதுக்குவார்கள். பாண்டோகிராஃப் மெஷினில் ஒரு முனை அந்த மாதிரியைத் தடவிப் போகப்போக, மறுமுனை அதையே சின்னதாக ஸ்டீலில் வெட்டும். இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து, செம்பிலோ கிராஃபைட்டிலோ அதே வடிவத்தில் எலக்ட்ரோடு வெட்டி, ஸ்பார்க் மெஷினில் அதிலிருந்து பறக்கிற மின்பொறியால் ஸ்டீலை அரிக்கிறார்கள். பாலிஷ் மட்டும் பெரும்பாலும் இன்றும் கைதான்.

பெட்டிக்குள் இருக்கிற பிளாஸ்டிக் பாலிஸ்டைரின். அது மலிவு. காசெல்லாம் மோல்டில் முடங்கிக் கிடக்கிறது. அதனால்தான் நாற்பது ஐம்பது வருட மோல்டைக் கூட எடுத்து, புதுப் படம் போட்ட பெட்டியில் விற்கிறார்கள். பெட்டி புதுசு, மோல்டு பழசு. ஓரம் தேய்ந்த மோல்டில் பிளாஸ்டிக் கசிந்து பிசிறு பிடிக்கும். சைலன்ஸர் குழாயில் பிசிறு பார்த்தால் உஷாராகிவிடுங்கள். நம் ஊரில் விலையும் ஏறிவிட்டது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. சுங்கக் கணக்கில் ஸ்கேல் மாடலும் பொம்மைகளோடுதான் சேரும். வீட்டாரும் அரசாங்கமும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

பெயின்ட் பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வைத்திருந்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். சரி, ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். குரோம் பூசிய பம்பரில் பசை பிடிக்காது. ஒட்டுகிற இடத்தில் மட்டும் குரோமைச் சுரண்டுங்கள். டயரைப் பாடியோடும் கண்ணாடியோடும் உரசவிடாமல் தனிக் கவரில் போடுங்கள். மெத்து டயர் நாளடைவில் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். மழைக்காலத்தில் ஸ்ப்ரே வேண்டாம், வெள்ளை பூத்துவிடும். டீகால், அதாவது காரில் எழுத்தும் கோடும் ஒட்டுகிற ஸ்டிக்கர், மஞ்சள் அடித்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெயில் படுகிற ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வையுங்கள், வெளுத்துவிடும். வெயிலுக்கு நமக்கென்ன பஞ்சம்! காற்றால் பெயின்ட் தெளிக்கிற ஏர்பிரஷ் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.