மைக்ராஸ்கோப்ல கண்ணு வெச்ச இன்னொருத்தர்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு டேவிட் புரூஸ்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ டாக்டரப் பத்தி பேசப்போறேன், ஆனா அவர் மனைவி மேரிய விட்டுட்டு பேசுனா அது பாதிக் கதைதான், அதனால ரெண்டு பேரையும் சேத்தே சொல்றேன்.

புரூஸ் பொறந்தது மெல்போர்ன்ல, 1855. எடின்பரோவுல டாக்டருக்கு படிச்சாரு, 1883ல ராணுவத்துல சேந்தாரு. மொத போஸ்டிங் மால்டா, அங்க சிப்பாய்ங்கள வாட்டி எடுத்த காய்ச்சலோட கிருமிய 1887ல கண்டுபிடிச்சாரு. அது ஒரு தனிப் பேச்சுக்கு ஆகும், நாம ஆப்பிரிக்காவுக்கு வருவோம்.

1894. தென்னாப்பிரிக்கா பக்கம் ஜூலுலாந்துல மாடுங்க கொத்துக்கொத்தா சாகுது, கண்ணுல நீர் வடியுது, கழுத்துக்கடியில வீக்கம், நாளுக்கு நாள் எலும்பும் தோலுமாகி விழுந்துரும். ஜூலு ஜனங்க இதுக்கு வெச்ச பேரு நகானா. என்னன்னு பாருங்கன்னு பக்கத்து பிரிட்டிஷ் காலனி நேட்டாலோட கவர்னர் புரூஸ அனுப்புறாரு. வாரக்கணக்குல மாட்டுவண்டியில போயி உபொம்போங்கற மலை மேல ஒரு குடிசையில புருஷனும் பொண்டாட்டியும் குடியேறுறாங்க, அதுதான் வீடு, அதுதான் லேப். நடுவுல ராணுவம் திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு, 1895ல மறுபடி வந்து 1897 வரைக்கும் இருந்தாங்க.

நோய்ப்பட்ட மாட்டோட ரத்தத்துல ஒரு சொட்ட மைக்ராஸ்கோப்புல வெச்சா, சின்னதா ஒண்ணு நெளிஞ்சு நெளிஞ்சு சிவப்பணுக்கள இடிச்சு தள்ளிட்டு போகுது. சரி, அது உள்ள எப்படி போச்சு? இங்கதான் அவங்க வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரத்தம் குடிக்கிற ட்செட்சி ஈ மேல அவங்களுக்கு சந்தேகம். மலை மேல அந்த ஈ கிடையாது, கீழ காட்டுல இருக்கு. குதிரைய கீழ கூட்டிட்டுப் போயி, அங்க ஒரு வாய் புல்லு ஒரு மடக்கு தண்ணி விடாம, ஈக்கடி மட்டும் வாங்க வெச்சு அன்னைக்கே மேல ஏத்திட்டாங்க, குதிரைக்கு நோய் வந்துருச்சு. அப்புறம் அந்தக் காட்டுப் புல்லையும் தண்ணியையும் மேல கொண்டுவந்து வேற குதிரைக்கு குடுத்தாங்க, ஒண்ணும் ஆகல. கடைசியா ஈய புடிச்சு மேல கொண்டுவந்து கடிக்க விட்டா, நோய் வந்துருது. முடிஞ்சுபோச்சு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

இன்னொண்ணு. காட்டு மிருகங்களாலதான் இது வருதுன்னு ஜூலு ஜனங்க ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. காட்டெருமை, குடு மான் மாதிரி மிருகங்களோட ரத்தத்த எடுத்து நாய்க்கு ஏத்தி பாத்தா, அதுலயும் அந்த ஒட்டுண்ணி இருக்கு, ஆனா அந்த மிருகங்க நல்லாத்தான் திரியுது. மாடு மேய்க்கிறவங்க சொன்னதுல அவ்வளவு உண்மை இருந்துச்சு. ஆனா 1899ல ஒட்டுண்ணிக்கு வெச்ச பேரு டிரிபனோசோமா புரூசை, புரூஸ் பேரு மட்டும்தான்.

மேரி என்ன பண்ணாங்க? ஸ்லைடு பாத்தாங்க, படம் வரைஞ்சாங்க, அறிக்கைகளுக்கு கூடவே உழைச்சாங்க. தென்னாப்பிரிக்காவுல பிரிட்டிஷ்காரங்களும் டச்சு வம்சாவளி போயர்களும் மோதுன போயர் போர்ல, போயர்கள் லேடிஸ்மித் ஊர 118 நாள் முற்றுகை போட்டப்ப ரெண்டு பேரும் உள்ளதான் மாட்டிக்கிட்டாங்க, அவரு ஆபரேஷன் பண்ண இவங்க நர்ஸா நின்னாங்க, அதுக்கு ராயல் ரெட் கிராஸ் விருதும் கிடைச்சுது.

அதுக்கப்புறம் 1903ல உகாண்டா. விக்டோரியா ஏரிக்கரையில தூக்க நோய், மொத்தத்துல ரெண்டு லட்சம் பேருக்கு மேல செத்திருப்பாங்கன்னு கணக்கு. நோயாளிங்க மூளைத் தண்டுவட நீர்ல இதே வகை ஒட்டுண்ணிய மொதல்ல பாத்தது காஸ்டெல்லானிங்கற இத்தாலிய டாக்டர், அத தெளிவா சொல்லிரணும். புரூஸ் குழு நாடு பூரா இருந்து ட்செட்சி ஈய புடிச்சு அனுப்பச் சொல்லுச்சு, உகாண்டாவுக்குள்ள இருந்த புகாண்டா ராஜ்ஜியத்தோட பிரதம மந்திரி அப்போலோ கக்வா ஆளுங்கள ஏவி உதவுனாரு. ஈ இருக்குற இடத்துக்கு ஒரு மேப், நோயாளிங்க இருக்குற இடத்துக்கு ஒரு மேப், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்துது! அப்போ இந்த நோயையும் பரப்புறது ட்செட்சி ஈதான். பின்னால ஏரிக்கரை ஜனங்கள அரசாங்கம் ஊரையும் மீன்பிடியையும் விட்டு காலி பண்ண வெச்சுது. கண்டுபிடிப்பு நல்லதுதான், ஆனா அந்த ஜனங்க பட்ட பாட்டையும் நாம சேத்தேதான் சொல்லணும்.

1931 நவம்பர்ல மேரி இறந்தாங்க. என் வேலையப் பத்தி எங்கயாவது எழுதுனா மேரி பங்கையும் சொல்லுங்கன்னு புரூஸ் கேட்டுக்கிட்டாரு. நாலு நாள் கழிச்சு, அந்தம்மா இறுதிச் சடங்கு நடந்துட்டு இருக்கும்போதே அவரு மூச்சும் நின்னுருச்சு.